எட்டு வார இளைஞர் பிரதிநிதிப் பயிற்சி: சேரலாமா?

போன மாதம்தான் முடித்தேன். இளைஞர் பிரதிநிதிகளுக்கான பயிற்சி, எட்டு வாரம், சனியும் ஞாயிறும் காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை. 18 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். எங்கள் அணியில் 32 பேர். நடத்திய அமைப்பின் பெயரை நான் எழுதவில்லை. ஏறக்குறைய இதே பாடங்களைப் பல அமைப்புகள் பல இடங்களில் நடத்துகின்றன. எதில் சேர்வதாக இருந்தாலும் என்ன கிடைக்கும், எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் விடுதியில் 140 பேர். பிரதிநிதித் தேர்தலில் எனக்கு 71 ஓட்டு, எதிர்த்து நின்றவளுக்கு 52. நூலகத்தை மாலை ஆறு மணிக்கே மூடிவிடுகிறார்கள், அதை ஒன்பது மணி வரை திறக்க வைப்பேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். ஜெயித்தேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் கூட்டத்தில் நூலகப் பேச்சை எடுத்தபோது, "அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயத்தைச் சேர்க்க யாரிடம், எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. விடுதிக்குத் திரும்பி வந்தால் வாசலிலேயே நான்கு பேர், "என்னாச்சு?" என்று நின்றார்கள். அன்று இரவுதான் இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன்.

முதல் இரண்டு வாரம் வரலாறும் உரிமைகளும். தூங்க வைக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி இல்லை. சுவரில் பெரிய உலக வரைபடம் ஒன்றை மாட்டி, எந்த நாட்டில் எந்த வயதில் ஓட்டுப் போடலாம், எந்த வயதில் தேர்தலில் நிற்கலாம் என்று எங்களையே ஊகிக்கச் சொல்லி ஊசி குத்த வைத்தார்கள். பெரும்பாலும் தவறாகவே குத்தினோம். பிரேசிலில் 1988 அரசியலமைப்பிலிருந்தே 16 வயதில் விரும்பினால் ஓட்டுப் போடலாம். ஆஸ்திரியா 2007இல் தேசியத் தேர்தலுக்கே 16 ஆக்கியது. ஸ்காட்லாந்தில் 2014 பொதுவாக்கெடுப்பில் 16 வயதுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இந்தியாவில் 1989இல்தான் 21 என்பது 18 ஆனது. ஆனால் ஓட்டுப் போடும் அதே 18 வயதுக்காரர் மக்களவைக்குப் போட்டியிட 25 வயது வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை நான் அதுவரை யோசித்ததே இல்லை. யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அறிவு இருக்கிறது என்று நம்புகிறவர்கள், தேர்ந்தெடுக்கப்படும் தகுதி மட்டும் ஏழு வருடம் கழித்துத்தான் வரும் என்கிறார்கள்.

அந்த இடைவெளியைக் குறைக்க இளைஞர்களே போராடி ஜெயித்த இரண்டு கதைகளை விரிவாக எடுத்தார்கள். ஒன்று நைஜீரியா. பிரதிநிதிகள் சபைக்கு நிற்கும் வயது 30இலிருந்து 25ஆகவும், குடியரசுத் தலைவர் பதவிக்கு 40இலிருந்து 35ஆகவும் 2018இல் குறைந்தது. இன்னொன்று மலேசியா. மாணவர்கள் தொடங்கிய 'உண்டி 18' இயக்கம் (மலாய் மொழியில் 'உண்டி' என்றால் ஓட்டு) கட்சி பார்க்காமல் எல்லாத் தரப்பு உறுப்பினர்களையும் தேடித் தேடிப் போய்ப் பேசியது. 2019 ஜூலையில் ஓட்டு வயதை 21இலிருந்து 18ஆக்கும் திருத்தம் மக்களவையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 2021 டிசம்பர் ஆகிவிட்டது என்பதையும் சொன்னார்கள். சட்டம் நிறைவேறினால் வேலை முடிந்தது என்று அந்த மாணவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களை எழுதச் சொன்னார்கள். இந்தப் பயிற்சியில் நான் எழுதியதிலேயே நீளமான பதில் அதுதான்.

உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களில் அந்த வயதுக்காரர்கள் நூற்றுக்கு மூன்று பேரைக்கூடத் தொடவில்லை. இதை வெறும் எண்ணாகச் சொல்லவில்லை. முப்பது நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, இளைஞர்களுக்கு உள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்றதில் எல்லாம் பைகளை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது. அதுகூடக் கொஞ்சம் தாராளம்தான். 32 பேரும் அதைச் சுற்றி நின்றோம். யாரும் உட்காரவில்லை.

இரண்டாம் வாரத்திலேயே, சிறுவர்களின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992இல் வரைந்த பங்கேற்பு ஏணியையும் சொல்லித் தந்தார்கள். எட்டுப் படி. அடியில் இருக்கும் மூன்றையும் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. சிறுவர்களைக் கருவியாகப் பயன்படுத்துவது முதல் படி, அலங்காரமாக நிறுத்துவது இரண்டாவது, பெயருக்கு ஒரு குரல் கொடுப்பது மூன்றாவது. நான்காவது படியிலிருந்துதான் உண்மையான பங்கேற்பு தொடங்குகிறது. இந்த ஏணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

மூன்றாம், நான்காம் வாரங்கள் கூட்ட நடைமுறை. எனக்கு இதுதான் உயிர் கொடுத்த பகுதி. கோரம் (கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு) என்றால் என்ன, தீர்மானத்தை முன்மொழிவது, வழிமொழிவது, திருத்தம் கொண்டுவருவது, மினிட் புத்தகத்தில், அதாவது கூட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்யும் குறிப்பேட்டில், எதை எழுத வேண்டும், தவறாக எழுதியிருந்தால் அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே எப்படித் திருத்தச் சொல்வது. ஒவ்வொன்றையும் நாங்களே செய்து பார்த்தோம். இவற்றை விடவும் பெரிய பாடம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: 'பரிசீலிக்கிறோம்.' யார் இந்தச் சொல்லைச் சொன்னாலும் உடனே, மரியாதையாக, இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பரிசீலிப்பவர் யார்? எந்தத் தேதிக்குள்? அந்தப் பதில் மினிட் புத்தகத்தில் ஏறும் வரை அடுத்த விஷயத்துக்குப் போகக் கூடாது. நாற்பது தடவையாவது பயிற்சி செய்திருப்போம். ஒருவர் அதிகாரியாக நடிப்பார், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றப் பார்ப்பார், நாங்கள் விடாமல் அதே இரண்டு கேள்விக்கு வர வேண்டும். குரலை உயர்த்தினால் அந்தச் சுற்று தோல்வி.

வரவு செலவுப் பட்டியலைப் படிக்கச் சொல்லித் தந்ததும் இதே வாரங்களில். ஒதுக்கீடு ஒரு வரிசை, செலவு பக்கத்து வரிசை. முதல் வரிசையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதே, இரண்டாவதைப் பார் என்றார்கள். கைப்புத்தகத்தில் இதற்கென்றே ஆறு பக்கம் இருக்கிறது. அந்தக் கைப்புத்தகம் மொத்தம் 96 பக்கம், சுருள் கம்பி கட்டு, நிறைய வெற்று மாதிரிப் படிவங்கள். படிவங்கள் அருமை, இப்போதும் நகலெடுத்துப் பயன்படுத்துகிறேன். ஆனால் உரைநடை கடினம். 'பங்கேற்பாளர்களின் திறன் வலுவூட்டல் செயன்முறைகளை உள்வாங்கல்' என்ற மாதிரி வாக்கியங்களைப் படித்துவிட்டு, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய ஒரு தம்பி என்னிடம், "அக்கா, இது எனக்குப் புரியலையா, இல்ல எழுதினவங்களுக்கே புரியலையா?" என்று கேட்டான். மக்களிடம் எளிமையாகப் பேசுங்கள் என்று சொல்லித் தரும் புத்தகம் முதலில் தானே எளிமையாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரம் மாதிரி நாடாளுமன்றம். பேச்சுப் போட்டிக்குப் போய்ப் பழகியவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குப் பிடிக்காத பக்கத்தில்தான் என்னை உட்கார வைத்தார்கள், அந்தப் பக்கத்துக்காக இரண்டு நிமிடம் பேசியே ஆக வேண்டும். எதிர்த்தரப்பு ஏன் அப்படி நினைக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தது நல்லதாகவே இருந்தது. ஆறாம் வாரம் சமூக ஊடகம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்களுக்குத் தெரிந்ததையே எங்களுக்குச் சொன்னார்கள்.

ஏழாம் வாரத்துக்கு வருகிறேன். இந்த ஒரு வாரத்துக்காகவே மொத்தப் பயிற்சிக்கும் போகலாம்.

நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. உள்ளாட்சியில் இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். வந்ததும் எங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "உங்களை அனுப்பினவங்களுக்கு நீங்க கடைசியா எப்போ பதில் சொன்னீங்க?" அதுவரை கை தூக்கத் தயங்காத எங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. விடுதி வாசலில் நின்ற அந்த நான்கு பேர் எனக்கு ஞாபகம் வந்தார்கள். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருந்தேன்.

பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார். ஒருவர் நான்கு நிமிடம் பேச வேண்டும், மற்றவர் தலையாட்டலாம், பேசக் கூடாது. முடிந்ததும் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் வரை விடமாட்டார். எனக்கு நான்காவது முறையில்தான் அந்த 'ஆமா' கிடைத்தது. மூன்று முறையும் அவள் சொல்லாத ஒன்றை, நான் ஏற்கெனவே நினைத்திருந்ததை, அவள் வாயில் வைத்துச் சொன்னேன். எட்டு வாரத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

ஞாயிறு மாலை வீட்டுப்பாடம் தந்தார். அடுத்த சனிக்குள் பத்துப் பேரிடம் பேச வேண்டும். அதில் ஐந்து பேராவது உங்களுக்கு ஓட்டுப் போடாதவர்களாக இருக்க வேண்டும். உங்கள் யோசனை நன்றாக இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. "போன வாரம் உனக்கு எது கஷ்டமா இருந்தது?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

கேட்டேன். பத்தில் நான்கு பேர் மாலையில் பகுதி நேர வேலைக்குப் போகிறார்கள். நூலகம் ஒன்பது வரை திறந்திருந்தாலும் அவர்களால் வர முடியாது. அவர்களுக்கு வேண்டியது ஞாயிறு காலை. மூன்று பேர், நூலகத்திலிருந்து விடுதி வரும் பாதையில் விளக்கு எரியாததால் இருட்டிய பிறகு அங்கே இருக்கவே பயம் என்றார்கள். ஒன்பது மணி வரை திறந்தால் போதும் என்று சொன்னது இரண்டே பேர். 71 ஓட்டு வாங்கித் தந்த கோரிக்கை அது. பத்தாவதாக, எனக்கு எதிராக நின்றவளிடம் போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை திறக்கணும்னுதான் நான் தேர்தல்ல பேசினேன். நீ அப்போ கேக்கல." கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே இன்னும் கஷ்டமாக இருந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்டதும் நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக ஓர் எண்ணம் வருகிறது. நாமும் அதே வயது, அதே விடுதி, அதே வகுப்பு, அப்புறம் தனியாக என்ன கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரே வயதாக இருப்பதால் மட்டும் ஒருவருடைய குரல் இன்னொருவருடையதாகிவிடாது என்பதை அந்த அக்கா சொற்பொழிவாகச் சொல்லவில்லை, செய்ய வைத்தார். இத்தனை முக்கியமான பாடத்துக்கு மொத்தமே இரண்டு நாள். பேசுவதற்கு மூன்று வாரமும் கேட்பதற்கு ஒரு வாரமும் ஒதுக்கியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்பதை முதல் வாரமே வைத்திருந்தால், மாதிரி நாடாளுமன்றத்தில் நாங்கள் பேசியதும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி குறைகள். சின்னவை அல்ல.

32 பேரில் நான்கே பேர்தான் முழுநேர வேலைக்குப் போகிறவர்கள். மற்ற எல்லோரும் என்னைப் போலப் படிப்பவர்கள். அந்த நால்வரில் ஒரு தம்பி கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவன். அவனுக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடையாது, சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வந்தான். ஐந்தாம் வாரத்திலிருந்து வரவில்லை. ஒரு நாள் அவன் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது: "காலேஜ்ல தேர்தல் இருக்கு, சரி. எங்க இடத்துல என் வயசுக்காரங்க அறுபது பேர் இருக்கோம். எங்களுக்கு யாரு பிரதிநிதி?" பயிற்சியாளர், நல்ல கேள்வி என்று பலகையில் எழுதினார். அன்று மாலை பலகையை அழித்துவிட்டார்கள். அவனுக்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம், தொழிற்சங்கத்தில் இளையவர்கள் எப்படிச் சேர்கிறார்கள் என்றாவது பேசியிருக்கலாம். காது கேளாத தோழி ஒருத்தி இருந்தாள். சைகை மொழிபெயர்ப்பாளர் முதல் இரண்டு வாரம்தான் வந்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்த நாங்கள் எழுதி எழுதிக் காட்டினோம். சொல்வதில் முக்கால்வாசி அவளுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது, விவாதத்தில் அவள் கை தூக்கும்போது பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும். சகவயதினரின் பிரதிநிதிகளை உருவாக்கும் இடத்தில் சகவயதினரில் யார் யார் உள்ளே வர முடியவில்லை என்பதை நடத்துபவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது கடைசி நாள். 'முடிவெடுப்பவர்களுடன் ஒரு சந்திப்பு' என்று அழைப்பிதழிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். எங்களில் பலர் இதற்காகவே எட்டு வாரம் வந்தோம். முந்தைய வெள்ளிக்கிழமையே கேள்விகளை எழுதி வாங்கினார்கள். அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த ஐந்தின் வாசகத்தையும் மாற்றினார்கள். நான் "எந்தத் தேதிக்குள்?" என்று எழுதியிருந்ததை "எதிர்காலத் திட்டம் என்ன?" என்று ஆக்கியிருந்தார்கள். விருந்தினர்கள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார்கள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம், அவர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிடம். இளைஞர்களே எதிர்காலம் என்று பேசினார்கள். மேடையில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வருமா என்று கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். "யார், எந்தத் தேதிக்குள்?" என்று தொடங்கினேன். எங்களுக்கு அதைச் சொல்லித் தந்த அதே பயிற்சியாளர் என் தோளைத் தொட்டு, நேரமாகிவிட்டது என்றார்.

அவருக்கும் அழுத்தம் இருந்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்று எங்களை நிறுத்தியது ஏணியின் மூன்றாம் படியில். அந்தப் படியின் பெயரை எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களே அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்த தோழி அழுதாள். 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவை முதல் வாரம் படித்தோம். குழந்தையின் கருத்தைக் கேட்டால் மட்டும் போதாது, அதற்கு உரிய மதிப்பும் தர வேண்டும் என்பது அது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அப்படி என்றால், 21 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து நிற்கிறவளின் கேள்வியிலிருந்து தேதியை எடுத்துவிடுவது என்ன நியாயம்?

சேரலாமா என்றால், சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கூட்ட நடைமுறைக்கும் ஏழாம் வாரத்துக்கும் ஐந்து, கடைசி நாளுக்கு ஒன்று. எந்தப் பயிற்சியாக இருந்தாலும் பணமோ நேரமோ கொடுப்பதற்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாற்று நேரம் உண்டா? மொழிபெயர்ப்பாளர் கடைசி வரை இருப்பாரா? அதிகாரிகளைச் சந்திக்கும் நாள் என்றால் கேள்விகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், பதில் எழுத்தில் வருமா? முன்பு படித்தவர்கள் இரண்டு பேரின் தொடர்பைக் கேட்டு வாங்கிப் பேசிவிடுங்கள். இன்னும் யாருக்கும் பிரதிநிதியாக ஆகாதவர்களும் போகலாம், ஆனால் திரும்பிப் போய்ப் பதில் சொல்ல நாலு பேர் இருக்கும்போதுதான் ஏழாம் வாரம் முழுதாகப் புரியும்.

விடுதியில் இப்போது கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுகிறேன். என்ன கேட்டேன், என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது கேட்கப் போகிறேன் என்று மூன்றே வரி, கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள். எனக்கு எதிராக நின்றவளும் நானும் சேர்ந்து ஞாயிறு திறப்பை நிகழ்ச்சி நிரலில் பத்து நாள் முன்னதாகவே ஏற்றினோம். ஒரு பருவத்துக்குச் சோதனையாக ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒன்று வரை திறக்க ஒப்புக்கொண்டார்கள், தேதியோடு. பாதை விளக்கு இன்னும் வரவில்லை. தாளில் அதையும் எழுதியிருக்கிறேன்.

இங்கே எழுதிய குறைகள் எல்லாவற்றையும் பயிற்சி நடத்தியவர்களுக்கும் கடிதமாக அனுப்பினேன். பதில் வந்தது. அடுத்த அணியிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்காக வார நாள் மாலை வகுப்பு வைக்கிறார்களாம், அது நிஜமாகவே மகிழ்ச்சி. கிடங்குத் தம்பிக்கு உடனே சொல்லிவிட்டேன். கடைசி நாள் சந்திப்பை மாற்றுவது பற்றிப் பரிசீலிப்பதாக எழுதியிருந்தார்கள். யார், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு அன்றே திரும்ப எழுதினேன். பதில் வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.